சரிகைக்கு ஒரு பெட்டி

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் ஒரு சேதி வெளியே போகக் கூடாது என்றால் அதைத் தறிச் சத்தத்துக்கு நடுவில் சொல்ல வேண்டும். காந்தா அன்றைக்குத் தெருக்குழாயடியில் சொல்லிவிட்டாள். குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அவள் வீடு வந்து சேர்வதற்குள், ராஜகோபால் பெண்டாட்டி ஏரோப்ளேனில் போகிறாள் என்பது தெருமுனை டீக்கடை வரை போய், அங்கே மீதியும் சேர்ந்து, அவள் நாயும் ஏரோப்ளேனில் போகிறதாம் என்று திரும்பி வந்துவிட்டது. முதல் பாதியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பட்டாளத்துக்காரன் பெண்டாட்டி என்றால் எதிலாவது ஏறி எங்கேயாவது போகத்தான் செய்வாள். நாய் போவதைத்தான் தெருவால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

"நானு இந்த வயசுல திருப்பதிக்கே பஸ்ஸுலதான் போய்க்கினு வந்தேன். நாய்க்கு ப்ளேனா?" என்று கேட்டாள் எதிர்வீட்டு மணியம்மாள்.

"ஜன்னலோர சீட்டா கேட்டிருக்கேம்மா" என்றாள் காந்தா.

சும்மாதான் சொன்னாள். மறுநாளைக்குள் அதுவும் தெருவில் உண்மையாகிவிட்டது.

மற்றபடி அவள் சொன்னதில் பொய் ஏதும் இல்லை. அவள் புருஷன் ராஜகோபால் விமானப்படையில் கார்ப்பரல். இன்ஜினைக் கழற்றி மாட்டுகிற வேலை. கல்யாணமான ஒரே வருஷத்தில், குடும்பத்தை அழைத்துப்போக முடியாத ஏதோ ஒரு எல்லைப்புற ஊருக்கு அவனை மாற்றிவிட்டார்கள். பிறகு பங்களாதேஷ் சண்டை வந்தது. சண்டை ஓய்ந்து, எழுபத்திரண்டாம் வருஷம் சித்திரையில்தான் அஸ்ஸாமில் ஜோர்ஹாட் என்கிற ஊரில் அவனுக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. தாம்பரத்திலிருந்து சாமான் ஏற்றிக்கொண்டு கிழக்கே போகும் விமானப்படை விமானம் ஒன்றில், மாற்றலாகிப் போகிறவர்களின் குடும்பங்களுக்கும் இடம் தருகிறார்கள், வைகாசி கருட சேவைக்கு முந்தின வாரம் கிளம்புகிறது, வீட்டில் வளர்க்கும் பிராணி இருந்தால் அதையும் கொண்டுவரலாம் என்று எழுதியிருந்தான்.

அதற்கு நாலு நிபந்தனை. நாய் உள்ளே நின்று திரும்புகிற அளவுக்கு ஒரு மரப்பெட்டி வேண்டும். பெட்டிக்குக் காற்று வர வழி வேண்டும். மாட்டாஸ்பத்திரி டாக்டரின் சர்டிபிகேட் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, நாய் அந்தப் பெட்டியில் பழகி, சத்தம் போடாமல் படுத்திருக்க வேண்டும். முரண்டு பிடித்துக் குரைத்தால் கேப்டன் அங்கேயே இறக்கிவிட்டுக் கிளம்பிவிடுவார், அவர் சொல்லுக்கு மறுபேச்சு கிடையாது. ரயிலில் கொண்டுவரலாமே என்று நினைக்காதே, போன கோடையில் எங்கள் சார்ஜண்ட் ஒருத்தர் தன் நாயை ரயிலின் நாய்ப்பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தார், இறங்கின இடத்தில் அவர் மகள் அழுத அழுகையை நான் பார்த்தேன். ப்ளேனில் ஏற்ற முடியாவிட்டால் உன் நாய் சரிகையை அங்கேயே விட்டுவிட்டு வா. இப்படி முடித்திருந்தான்.

விட்டுவிட்டு வா என்று எழுதுவதற்கு என்ன, ஒரு பேனா இருந்தால் போதும்.

தென்னேரியில் ராஜகோபாலின் வீட்டில் ஏற்கனவே இரண்டு மருமகள்களுக்கு நடுவில் ஒரு அடுப்பு சிக்கித் தவித்துக்கொண்டிருந்தது. மூன்றாவதாக ஒருத்தியையும் அதில் சேர்த்துவிட வேண்டாம் என்று, எல்லைக்குப் போகும்போது அவன் காஞ்சிபுரத்தில் தனக்குப் பழக்கமான நெசவாளி பஞ்சாட்சரத்தின் வீட்டு முன்னறையை வாடகைக்குப் பிடித்து அவளைக் குடிவைத்துவிட்டுப் போனான். பஞ்சாட்சரத்துக்கு ஐம்பது வயது. அவர் மனைவி செல்லியம்மாள். பிள்ளைகள் இல்லாத வீடு, ஒரு தறி. காந்தா செல்லியம்மாளிடம் கற்றுக்கொண்டு அந்தத் தறிக்குப் பட்டு நூலைக் குச்சியில் சுற்றிக் கொடுத்தாள். அவர்களை மாமா, அத்தை என்று கூப்பிட்டாள்.

அவள் குடிவந்த வருஷத்து ஐப்பசி மழையில் ஒரு நாள் காலை, பஞ்சாட்சரம் நெய்ய உட்கார்ந்து தறிக்குழியில் காலை இறக்கியவர், ஐயோ என்று அலறிக்கொண்டு எழுந்தார். குழிக்குள் மெத்தென்று ஒரு நாய்க்குட்டி. தாய் எங்கே போனதோ, அது மட்டும் குளிருக்கு அங்கே வந்து சுருண்டிருந்தது. செம்மண் நிறம், முதுகில் தலையிலிருந்து வால்வரை பொன்னாக ஒரு கோடு. "தூக்கி வெளில போடு இந்தச் சனியன" என்றார் அவர். காந்தா தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள். சரிகை என்று அவள்தான் பெயர் வைத்தாள். சனியன் என்ற பெயரைப் பஞ்சாட்சரம் கடைசிவரை விடவில்லை.

திட்டிக்கொண்டே அதை வளர்த்ததில் பாதி அவர்தான். நெசவுத் தெருவில் வளர்கிற எந்த நாய்க்கும் ஒரு படிப்பு கட்டாயம். விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவு போடுவார்கள். ஒரு புடவைக்கான நீள நூல்களையெல்லாம் இரண்டு முனையிலும் இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, அறுந்த இழைகளை ஒட்டுவார்கள். அதில் ஒரு நாய் பாய்ந்தால் ஒரு குடும்பத்தின் மாத உழைப்பு போயிற்று. அதனால் குட்டியாக இருக்கும்போதே, இழுத்துக் கட்டின நூலைத் தாண்டக் கூடாது என்று பழக்கிவிடுவார்கள். சரிகைக்கு அந்தப் படிப்பைச் சொல்லிக் கொடுத்தவர் பஞ்சாட்சரம். அடிக்கவில்லை, ஒரு அதட்டலோடு சரி. தெருவிலேயே கெட்டிக்கார நாய் என்று பெயர் வாங்கிவிட்டது.

சண்டை நடந்த அந்தக் கார்த்திகையில் ராஜகோபாலிடமிருந்து கடிதமே வரவில்லை. காந்தாவுக்குச் சோறு இறங்கவில்லை. செல்லியம்மாள் கெஞ்சிப் பார்த்தாள், மிரட்டிப் பார்த்தாள். சரிகை ஒன்றும் செய்யவில்லை. தன் கிண்ணத்துச் சோற்றைத் தொடாமல் அவள் எதிரில் வந்து படுத்துக்கொண்டது. அவள் தட்டை இழுத்து ஒரு வாய் சாப்பிட்டதும்தான் எழுந்துபோய்த் தானும் சாப்பிட்டது. நாய் பட்டினி கிடக்கக் கூடாதே என்றுதான் அந்த மாதம் முழுக்க அவள் சாப்பிட்டாள். இதையெல்லாம் ஒரு இன்லண்டு கவரில் எப்படி எழுதுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. புருஷன்மேல் ஆசை இருந்தது, நிறையவே இருந்தது. ஆனாலும் ஒரு வருஷம் சேர்ந்து வாழ்ந்து, இரண்டு வருஷம் பிரிந்திருந்த மனிதனிடம் அல்லவா போகிறாள்? அந்த இரண்டு வருஷம் அவள் எப்படி இருந்தாள் என்று கூடவே இருந்து பார்த்தது இந்த நாய்தான். அதை விட்டுவிட்டுப் போனால் தன்னில் பாதியை விட்டுவிட்டுப் போகிற மாதிரிதான் அவளுக்கு இருந்தது.

பெட்டிக்கு ஆசாரியைப் பார்க்கலாம் என்று கிளம்பியவளைப் பஞ்சாட்சரம் தடுத்தார்.

"ஆசாரி வந்தா ஆணி அடிப்பான். நம்மூட்டுல ஆணியே ஆகாது" என்றார்.

அவர் சொன்னது நெசவாளிகள் எல்லாரும் சொல்வதுதான். பட்டுக்கு ஆணி எமன். எங்கேயாவது ஒரு ஆணி தலையை நீட்டிக்கொண்டிருந்தால் புடவை மாட்டி இழுத்துக்கொள்ளும். அதனால் தறியில் பெரும்பாலும் துளையும் மர முளையும் கயிறும்தான். பஞ்சாட்சரம் பெட்டியையும் அந்த வழியிலேயே செய்தார். பழைய தறிச் சட்டங்களை இழைத்து, முளை அடித்துச் சேர்த்தார். பக்கங்களில் காற்று வர மூங்கில் பிளாச்சுகளை வரிசையாகப் பின்னினார். கதவுக்குத் தோல் கீல், அடியில் சாக்கு மெத்தை, தூக்குவதற்கு இரண்டு பக்கமும் கயிற்றுப் பிடி, வாய்ப்பக்கம் சட்டம் ஆடாமல் இருக்கக் குறுக்கே ஒரு முறுக்கு நூல். தெருவே வந்து பார்த்து மூக்கின்மேல் விரலை வைத்தது. சாயப்பட்டறைக் குப்புசாமி உள்ளே தலையை விட்டுப் பார்த்துவிட்டு, தன் மாமியாரையும் இதில் அனுப்ப முடியுமா என்று விசாரித்தார்.

சர்டிபிகேட்டும் சுலபமாகக் கிடைத்தது. மாட்டாஸ்பத்திரி டாக்டர் ஊசி போட்டுவிட்டு, நாய் என்ன ஜாதி என்று கேட்டார்.

"பிள்ளையார்பாளையம் சார்" என்றாள் காந்தா.

டாக்டர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இடறினது கடைசி நிபந்தனையில்தான். பெட்டியைக் கூடத்தில் வைத்து, கதவைத் திறந்து, சரிகையைக் கூப்பிட்டார்கள். அது வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தது. பெட்டியைச் சுற்றி வந்து மோந்து பார்த்தது. வாய்ப்பக்கம் வந்ததும் ஒரு முன்னங்காலைத் தூக்கி நின்றது. நின்று, உட்கார்ந்துவிட்டது. உள்ளே கிடந்த தன் பழைய சாக்கைப் பார்த்தது, காந்தாவைப் பார்த்தது, பஞ்சாட்சரத்தைப் பார்த்தது. அவ்வளவுதான்.

பிறகு ஆளாளுக்கு வைத்தியம் பார்த்தார்கள். மணியம்மாள் கருவாடு சுட்டுக் கொண்டுவந்தாள். குப்புசாமி பின்னாலிருந்து தள்ளச் சொன்னார். தள்ளினால் நாலு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டது. பாய் கடையிலிருந்து சதையோடு ஒரு எலும்பு வாங்கி வந்து பெட்டியின் கடைசிக் கோடியில் போட்டார்கள். சரிகை வாசலில் படுத்துக்கொண்டு எச்சில் ஒழுக அதைப் பார்த்துக்கொண்டே இருந்தது. மறுநாள் எலும்பில் எறும்புதான் ஏறியிருந்தது. ஒரு வாரம் இப்படியே போயிற்று. கெட்டிக்கார நாய் என்று சொன்ன தெரு, வறட்டுப் பிடிவாதம் பிடித்த நாய் என்று பெயரை மாற்றிக்கொண்டது.

"அதுக்கு இஷ்டம் இல்லமா" என்றார் பஞ்சாட்சரம். "வாயில்லாத ஜீவன், வேற எப்பிடிச் சொல்லும்? வுட்டுட்டுப் போ. நானு இன்னா பட்டினியா போட்டுடப் போறேன்?"

"இந்தச் சனியன் எப்போ ஒயியும்னு நீங்கதானே மாமா கேட்டுக்கினு இருந்தீங்க?"

"இப்பவும் சனியன்தான். ஆனா நம்மூட்டுச் சனியன் இல்லியா?"

காந்தாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கிணற்றடியில் போய் உட்கார்ந்து, துவைத்த துணியையே மறுபடி துவைத்துக்கொண்டு அழுதாள். சரிகை வந்து ஈரத்திலேயே அவள் காலடியில் படுத்துக்கொண்டது. எங்கே கூப்பிட்டாலும் பின்னால் வருகிற நாய், இந்த ஒரு இடத்துக்கு மட்டும் ஏன் வர மாட்டேன் என்கிறது? ஒருவேளை மாமா சொல்வதுதான் சரியோ, அதற்கு இந்த ஊர்தான் பிடித்திருக்கிறதோ என்று நினைத்தாள்.

புறப்பட மூன்று நாள் இருந்தது. காலையில் எதிர்வீட்டில் பாவு போட்டிருந்தார்கள். காந்தா வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். வேப்பமரத்திலிருந்து இறங்கின ஒரு அணிலைப் பார்த்துவிட்டுச் சரிகை தலைதெறிக்க ஓடியது. அணில் பாவுக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் போய்விட்டது. சரிகை நூலுக்கு ஒரு சாண் இந்தப் பக்கம், புழுதி பறக்கச் சறுக்கி நின்றது. ஒரு முன்னங்காலைத் தூக்கியது. தூக்கின காலை அப்படியே கீழே வைத்து உட்கார்ந்துவிட்டது. கண் மட்டும் அணிலின்மேல் இருந்தது.

தினம் பார்க்கிற காட்சிதான், தினம் பார்த்துச் சிரிக்கிறதுதான். இன்றைக்குக் காந்தா சாணி வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்றாள். அந்தத் தூக்கின காலை அவள் ஒரு வாரமாகக் கூடத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

உள்ளே ஓடினாள். பெட்டிக்கு முன்னால் முட்டி போட்டு, நாயின் உயரத்துக்குத் தலையைத் தாழ்த்திப் பார்த்தாள். வாயின் குறுக்கே அந்த முறுக்கு நூல். விரலால் சுண்டினாள். டங்கென்று சத்தம் போட்டது. பாவு நூலைவிட இறுக்கமாக இழுத்துக் கட்டியிருந்தது.

ஒரு வாரமாகத் தெருவில் பாதிப் பேர் அந்த வாயில் குனிந்து பார்த்திருக்கிறார்கள். கருவாட்டையும் எலும்பையும் அந்த நூலுக்கு மேலாகத்தான் கையை நீட்டி வைத்திருக்கிறார்கள். ஒருத்தர் கண்ணிலும் அது படவில்லை. கண் விழித்தால் இழுத்துக் கட்டின நூலைத்தான் பார்க்கிறோம் என்கிற ஊரில், இன்னொரு நூல் யார் கண்ணை உறுத்தும்? வேறு ஊராக இருந்தால் பால்காரன்கூடச் சொல்லியிருப்பான். இழுத்துக் கட்டினதைத் தாண்டாதே என்று பழக்கிவிட்டு, இழுத்துக் கட்டி ஒரு வாசலும் செய்து வைத்து, ஏன் தாண்ட மாட்டேன் என்கிறாய் என்று அந்த நாயைத் திட்டியிருக்கிறார்கள்.

காந்தாவுக்கு முதலில் வந்தது சந்தோஷம். சரிகையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச வேண்டும்போல் இருந்தது. எழுந்திருக்கப் போனவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தெருவுக்குத் தெரியாமல் போயிருக்கலாம். இந்த நாய் குட்டியாக இருந்தபோது, தறி வாசலில் நூலைக் கட்டி, பக்கத்திலேயே குந்திக்கொண்டு, நாளெல்லாம் ஏய், ஏய் என்று அதட்டிப் பழக்கிய மனிதருக்கு எப்படித் தெரியாமல் போகும்?

செல்லியம்மாள் அடுப்படியில் கேழ்வரகு மாவைக் கரைத்துக்கொண்டிருந்தாள்.

"அத்தே, பெட்டி வாயில ஒரு நூலு கட்டி இருக்குது, பார்த்தீங்களா?"

செல்லியம்மாள் கை ஒரு நிமிஷம் நின்று, மறுபடி கரைக்க ஆரம்பித்தது.

"எந்த நூலு? என்னிய ஒண்ணும் கேக்காதம்மா. அந்த நூலப் பத்தி நானு ஒண்ணும் சொல்ல மாட்டேன்னு அவருக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

காந்தா நேரே தறியிடம் போனாள். பஞ்சாட்சரம் நெய்துகொண்டிருந்தார். சரிகை அதற்குள் வந்து, தறிக்குழியின் ஓரத்தில் தன் வழக்கமான இடத்தில் படுத்திருந்தது. ஊடை நூல் ஓட்டுகிற நாடாவை வாங்கி மறுபக்கம் விடுவதற்கு நடுவில் அவர் இடது கை கீழே இறங்கி, நாயின் காதை ஒரு தடவை நீவிவிட்டு மேலே போயிற்று. அவருக்கே அது தெரிந்திருக்காது. அதைப் பார்த்ததும் காந்தாவின் வாயில் இருந்த வார்த்தைகளில் பாதி உள்ளேயே போய்விட்டன.

"மாமா, அந்தப் பெட்டி நூலு."

நாடா பாதியில் நின்றது.

"சட்டம் ஆடாம இருக்க" என்றார் அவர், அவளைப் பார்க்காமல்.

"ஆடினா ஆடட்டும்."

நாடாவைப் பாவின்மேல் வைத்தார். பக்கத்துத் தெருத் தறிகளின் சத்தமெல்லாம் கேட்டது.

"மொதல்ல சட்டத்துக்குத்தான் கட்டினேன், சத்தியமா" என்றார். "இது வந்து எதிர்ல குந்திச்சு பாரு, அப்பதான் எனக்கு நெனப்பு வந்துது. அவுக்கலாம்னு கையி போச்சு. அவுக்கல. அப்புறம் ஒரு நாளு ஆச்சு, ரெண்டு நாளு ஆச்சு, சொல்ல வாயி வரல. தறியில குந்தினா நாளெல்லாம் எனக்குப் பக்கத்துல யாரும்மா இருக்குறா? உங்க அத்தை பேசறதெல்லாம் ஒரு பேச்சா?"

"காதுல வுயுது" என்றாள் செல்லியம்மாள் உள்ளேயிருந்து.

"எனக்குக் கோவமா இருக்குது மாமா" என்றாள் காந்தா. "ஒரு வாரமா அழுதுக்கினு இருக்கேன். அதுக்கு என்னியப் புடிக்கலியோன்னு நெனச்சேன்."

"கோவப்படு. படவேண்டியதுதான்."

"நானே அந்த நூலை அறுத்துப் போட்டுடுவேன். ஆனா நீங்க கட்டினது. நீங்களே வந்து அவுத்துடுங்க. எனக்கு அதுதான் வேணும்."

பஞ்சாட்சரம் குழியிலிருந்து எழுந்தார். கூடத்துக்கு வந்து பெட்டியின் முன்னால் குந்தினார். சரிகையும் கூடவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. அறுக்கவில்லை அவர். முடிச்சை நகத்தால் நெகிழ்த்தி, இழை இழையாகப் பிரித்து, நூலைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டார். வாசல் திறந்து கிடந்தது. சரிகை நகரவில்லை. பெட்டியைப் பார்க்கவும் இல்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. கட்டினவர் சொல்ல வேண்டுமல்லவா?

"போ" என்றார். உள்ளே கிடந்த சாக்கைத் தட்டிக் காட்டி மறுபடி சொன்னார். "போம்மா."

சரிகை எழுந்து உள்ளே போயிற்று. ஒரு சுற்றுச் சுற்றிவந்து சாக்கின்மேல் படுத்து, பெருமூச்சு விட்டது. இதற்கா இத்தனை நாள் என்னைப் படுத்தினீர்கள் என்பதுபோல இருந்தது. பஞ்சாட்சரம் முகம் கழுவ வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். வெகுநேரம் கழுவினார்.

அதற்குப் பிறகு சரிகை பெட்டியை விட்டு வெளியே வருவதுதான் பெரும்பாடாகிவிட்டது. சோறு, தூக்கம் எல்லாம் உள்ளேதான். காந்தாவின் கோபம் ஒரு பகல்கூட முழுதாக நிற்கவில்லை. தறி ஓரத்தில் பெட்டியை நகர்த்தி வைத்தவள் அவளேதான்.

வாலாஜாபாத்திலிருந்து அதே விமானத்தில் போகிற இன்னொரு குடும்பம் ஒரு வேன் பிடித்திருந்தது. அதில் காந்தாவையும் பெட்டியையும் ஏற்றிக்கொண்டார்கள். பஞ்சாட்சரம் தறியை நிறுத்திவிட்டு, சலவை வேட்டி கட்டிக்கொண்டு மனைவியோடு வழியனுப்பக் கிளம்பினார். வழியெல்லாம் அவருக்கு விமானத்தைப் பற்றித்தான் பேச்சு. அவ்வளவு கனம் எப்படி மேலே எழும்பும், ஓடிக்கொண்டே எழும்புமா, நின்ற இடத்திலேயே எழும்புமா? பிள்ளையார்பாளையத்தில் ஒருத்தரும் கிட்டத்தில் நின்று பார்த்ததில்லை. தான் பார்த்துவிட்டு வந்து சொல்வதாகத் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். சாயங்காலம் டீக்கடையில் தனக்காகக் கூட்டம் கூடும் என்றும் சொன்னார்.

தாம்பரம் தளத்தின் வாசலில் சாமான்களைப் பார்த்து ஏற்றுகிறவன் சிட்டிபாபு என்கிற மெட்ராஸ்காரப் பையன். பெட்டியை ஆட்டிப் பார்த்தான், குனிந்து பார்த்தான்.

"இன்னா சார் இது, ஒரு ஆணிகூட இல்ல? மேல போனா ப்ளேனு உதறும் சார், முளையெல்லாம் கழண்டுக்கும்" என்று சொல்லி, நாலு மூலையிலும் நாலு ஆணி அடித்தான். ஒவ்வொரு அடிக்கும் பஞ்சாட்சரம் கண்ணை இறுக மூடித் திறந்தார்.

பயணிகளுக்கு மட்டும்தான் உள்ளே அனுமதி. வழியனுப்ப வந்தவர்கள் கம்பி வேலிக்கு வெளியே வரிசையாக நின்றார்கள். காந்தா செல்லியம்மாளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பஞ்சாட்சரம் பெட்டியின் பிளாச்சுக்கு இடையில் ஒரு விரலை விட்டார். சரிகை நக்கியது. அவ்வளவில் முடித்துக்கொண்டு அவர் வேலிக்குப் பின்னால் போய் நின்றார்.

பெட்டியைத் தள்ளுவண்டியில் வைத்து விமானத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். வயிறு பெருத்த, சாயம் போன விமானம். அதன் ஒரு பக்கத்து விசிறி சுற்ற ஆரம்பித்ததுதான் தாமதம், சரிகை எழுந்து நின்று குரைக்கத் தொடங்கியது. காந்தா அதட்டினாள், கொஞ்சினாள், கையை உள்ளே விட்டுத் தடவினாள். நிற்கவில்லை. தாடி வைத்த கேப்டன் ஏணியிலிருந்து இறங்கி வந்து பெட்டியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், சிட்டிபாபுவிடம் இந்தியில் ஏதோ சொன்னார்.

"இப்பிடிக் கத்தினா ஏத்த முடியாதுன்றாரும்மா. உள்ள சின்னக் கொயந்தைங்க இருக்குது, பயந்துக்கும். சாமான் ஏறி முடியறதுக்குள்ள அடங்கினா பார்க்கலாம், இல்லேன்னா வந்தவங்க கையிலயே குடுத்து அனுப்பிடுன்னு சொல்றாரு."

காந்தா பெட்டியின்மேல் குனிந்தாள். சத்தத்துக்குப் பயந்து குரைக்கிறது என்றுதான் அவளும் நினைத்தாள். பிறகுதான் சரிகையின் மூக்கு போன திசையைப் பார்த்தாள். அது விசிறியைப் பார்க்கவே இல்லை. வேலியைப் பார்த்துக் குரைத்தது. அங்கே சலவை வேட்டியும் தோளில் துண்டுமாகப் பஞ்சாட்சரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரை ஏன் ஏற்றவில்லை என்றுதான் அது கேட்டுக்கொண்டிருந்தது.

இந்த இரைச்சலில் கத்தினாலும் அவருக்குக் கேட்காது. காந்தா அவரைப் பார்த்தாள். அவர் ஒன்றும் செய்ய வேண்டாம். நின்ற இடத்தில் நின்றாலே போதும், சரிகை சாயங்காலம் அவர் தறி ஓரத்தில் படுத்திருக்கும். யாரும் அவரைக் குற்றம் சொல்ல முடியாது, அவளாலேயே முடியாது. முடிச்சை அவிழ்க்காமல் ஒரு வாரம் இருந்த மனிதர்தான் அவர்.

பஞ்சாட்சரம் கம்பியிலிருந்து கையை எடுத்தார். பக்கத்தில் நின்ற மனைவியிடம் குனிந்து ஏதோ சொன்னார். துண்டை எடுத்துத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டு திரும்பினார். ஜனங்களை விலக்கிக்கொண்டு, வேனையும் தாண்டி, சாலைப்பக்கம் நடந்துபோய், அங்கே நின்றிருந்த ஒரு லாரிக்குப் பின்னால் மறைந்துவிட்டார்.

சரிகை இன்னும் இரண்டு தடவை குரைத்தது. மூக்கைத் தூக்கித் தேடியது. வேலியில் தெரிந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தது. பிறகு மெல்ல ஒரு முனகல் முனகிவிட்டு, ஒரு சுற்றுச் சுற்றிச் சாக்கில் படுத்துக்கொண்டது. கேப்டன் தலையை ஆட்டினார். சிட்டிபாபுவும் இன்னொருத்தனும் கயிற்றுப் பிடியைப் பிடித்துப் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தார்கள்.

உள்ளே இரண்டு பக்கமும் நீளமாக பெஞ்சு, நடுவில் சாமான். காந்தாவின் காலடியில் பெட்டியை வைத்து வாரால் கட்டினார்கள். அவள் பக்கத்தில் கிண்ணி அளவுக்கு ஒரு கண்ணாடி ஜன்னல். விமானம் உறுமிக்கொண்டு ஓடி, ஒரு குலுக்கலில் தரையை விட்டது. வயிறு மேலே வந்து கீழே போயிற்று. சாய்ந்து திரும்பும்போது கீழே தளம் முழுக்கத் தெரிந்தது. வேலியோரத்தில் எல்லாரும் வாயைப் பிளந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். செல்லியம்மாள் இரண்டு கையையும் வீசினாள்.

லாரிக்கு அந்தப் பக்கம், சாலையோரப் புல்லில், தலையில் முக்காடோடு ஒருத்தர் முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருந்தார். சத்தம் தலைக்கு மேலேயே போயிற்று. அவர் திரும்பவில்லை, நிமிரவும் இல்லை. சரிகை தன்னைப் பார்த்துவிடக் கூடாதல்லவா? மேலே போன பிறகு அதற்கு எதுவரை தெரியும் என்று அவருக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?

காந்தா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். எதிர் பெஞ்சில் இருந்த பெண், பயப்படாதம்மா, கொஞ்ச நேரத்தில் பழகிவிடும் என்றாள். பயமில்லை என்று காந்தா தலையை ஆட்டிவிட்டு, பிளாச்சுக்கு இடையில் கையை விட்டாள். சரிகை தூங்கிப்போயிருந்தது.